ஓபரா ஆடிஷன்லயோ மேடையிலயோ நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம் சொல்லுங்க

கீழ்-ஏ

நாலு வருஷமா நான் சோப்ரானோ, பெண் குரல்ல உச்ச வகை. டீச்சர் முதல் நாளே சொன்னாங்க, நானும் கேள்வி கேட்கல. ஒரு தியேட்டரோட யங் ஆர்ட்டிஸ்ட் புரோகிராமுக்கு ஆடிஷன். அஞ்சு ஆரியா, அதாவது ஓபராவுல தனியாப் பாடுற பாட்டு, லிஸ்ட், முதல் பாட்டு நம்ம விருப்பம், அடுத்ததை அவங்க கேட்பாங்க, அதெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும். நான் மோட்சார்ட்டோட ஃபிகாரோ ஓபராவுல, நாலாம் அங்கத்துல சூசன்னா தோட்டத்துல பாடுறதை வச்சேன். நடுவுல ஒரு இடத்துல கீழ் ஏங்கிற தாழ்ந்த ஸ்வரம் வரைக்கும் இறங்கும். நிறைய சோப்ரானோக்கள் அந்த ஸ்வரத்தைத் தொட்ட மாதிரி பாவனை காட்டிட்டு மேல ஏறிடுவாங்க. எனக்கு அது சுகமா உட்காரும். அன்னைக்கும் உட்கார்ந்துச்சு.

அதுவரைக்கும் மேசையில நாலு பேரும் எழுதிட்டே இருந்தாங்க. அந்த ஸ்வரத்துல ஓரத்துல இருந்த அம்மா பேனாவை நிறுத்தினாங்க. மூடியை எடுத்து மெதுவா மாட்டினாங்க. டிக். அப்புறம் முடிக்கிற வரைக்கும் பேனாவைத் தொடவே இல்ல.

அடுத்த பாட்டு யாரும் கேட்கல. "நீங்க சோப்ரானோன்னு யார் சொன்னது?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. கிண்டல் இல்ல, அக்கறையும் இல்ல. மருந்துப் பாட்டில்ல தேதி பார்க்கிற மாதிரி கேட்டாங்க. "எங்க டீச்சர்"னேன். ஒருத்தர் சிரிச்சார். நன்றின்னு அனுப்பிட்டாங்க. கிடைக்கலைன்னு மெயில் வந்துச்சு, அது போகட்டும். அந்த டிக் எட்டு மாசமா காதுலயே இருக்கு.

மாற்றாள்

உங்களுக்குப் பேனா மூடி, எனக்குக் குண்டூசி. ஒரு சீசன் முழுக்க கவரா, மெயின் பாடகிக்கு முடியலைன்னா பாடுற மாற்றாளா, இருந்தேன். முழு வேஷமும் மனப்பாடம், ஒத்திகையில பின் வரிசை நாற்காலி, மேடை மட்டும் கிடையாது. ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்கு போன். மெயின் பாடகிக்குக் காய்ச்சல், உடனே வா. அவங்க அளவுக்குத் தைச்ச கவுனை என் மேல மாட்டி, முதுகுப் பக்கம் இழுத்து ஊசி குத்தினாங்க. எங்க திரும்பணும், எந்தக் கதவு திறக்காதுன்னு ஸ்டேஜ் மேனேஜர் தரையில ஒட்டின டேப்பைக் காட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போனார். ஆரம்பிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது பக்கத்து அறையில யாரோ உதட்டை அதிரவிட்டு வார்ம்-அப் பண்ற சத்தம். எனக்குத் தெரியாத குரலா அது? மூணு மாசம் பின்னாடி உட்கார்ந்து அதைத்தானே கேட்டேன்.

உடை பார்க்கிற அக்கா ஒண்ணும் சொல்லல. ஊசியை ஒவ்வொண்ணா உருவி உதட்டுக்கு நடுவுல வச்சுக்கிட்டாங்க. பதினாலு. எண்ணினேன்.

பியானோ பக்கம்

நான் பாடுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். ஒரு ஆடிஷனில் ஒரு பெண் கொண்டுவந்த ஜெராக்ஸில் பக்கத்தின் அடி வரி வெட்டுப்பட்டிருந்தது. இடது கைக்கு ஸ்வரமே இல்லை. நானாக ஒரு பாஸ் போட்டு ஓட்டினேன். மூன்றாம் பக்கத்தில் அவள் திரும்பி என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! அவ்வளவுதான் கதை.

ஆனால் முதலில் எழுதியவர் கொஞ்சம் கேட்க வேண்டும். கீழ் ஏ எட்டினால் மெஸ்ஸோ (சோப்ரானோவுக்கு அடுத்த கீழ் வகை), மேல் சி எட்டினால் சோப்ரானோ என்பது குழந்தைக் கணக்கு. குரல் எந்த உயரத்தில் களைக்காமல் குடியிருக்கிறது, குரல் மேல் பகுதிக்கு மாறும் இடமான பாஸாஜ்ஜியோ எந்த ஸ்வரத்தில் வருகிறது, அங்கே நிறம் எப்படி மாறுகிறது, இதையெல்லாம் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அந்த அம்மா தீர்ப்புச் சொன்னது தப்பு. ஜெர்மன் தியேட்டர்களில் 'ஃபாக்' என்று குரல்களை வகை பிரித்து அதன்படிதான் வேஷம் கொடுப்பார்கள். தவறான வகையில் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது லேசில்லை.

இன்னொன்று. நோட்ஸை ஃபைலில் போட்டு வாருங்கள், வெளிச்சம் பட்டால் பளபளக்கும் உறை வேண்டாம். எங்கிருந்து எங்கே தாவ வேண்டும் என்று தடித்த பென்சிலால் காட்டுங்கள். வேகம் சொல்ல என் முகத்துக்கு நேரே விரல் சொடுக்காதீர்கள், முதல் வரியை மெல்லப் பாடினால் போதும். ஜலதோஷம் பிடித்த காலையிலும் வருகிற பாட்டு எதுவோ அதுதான் முதல் பாட்டு. இருபதுகளில் கனமான குரல் கேட்கிற வாக்னர் ஓபராக்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். சொல்லப்போனால் இருபத்தைந்து வரை மேடையே வேண்டாம் என்பேன்.

பாரிட்டோன் தம்பி

மேடையே வேண்டாமா, பியானோ அண்ணே? குண்டூசின்னதும் ஞாபகம் வருது. அதே ஃபிகாரோவுல குண்டூசியைத் தொலைச்சுட்டு அழுதுக்கிட்டே தேடுற பார்பரினா வேஷத்தை 1786ல வியன்னாவுல முதன்முதலா பாடின அன்னா காட்லீபுக்கு வயசு 12. 1791ல மேஜிக் ஃப்ளூட்ல கதாநாயகி பாமினாவா பாடும்போது 17. மோட்சார்ட்டே நடத்தினது ரெண்டும். அன்னைக்கு ஹாலும் சின்னது, ஆர்கெஸ்ட்ராவும் சின்னது, ஒத்துக்கிறேன். ஆனா சின்ன வேஷம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

நான் 21 வயசுல ஈட்டி பிடிச்சு நின்னு ரெண்டு வரி பாடினேன். நடத்துனர் கையைப் பார்க்காம ஒரு பார் முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார் பாருங்க, நீங்க வாங்கின பார்வையெல்லாம் அதுகிட்ட நிக்காது.

தொண்டைக்காரி

சண்டை அப்புறம் போடுங்க. எனக்கு நடந்தது முதல் சிட்ஸ்ப்ரோபேயில, பாடகர்களும் ஆர்கெஸ்ட்ராவும் முதன்முதலா சேர்ற ஒத்திகையில. வாரக்கணக்கா பியானோவோட மட்டும் பாடிட்டு, அன்னைக்குத்தான் முழு ஆர்கெஸ்ட்ரா. என் குரல் எனக்கே கேட்கல. ஆர்கெஸ்ட்ராவோட பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிஞ்சிருக்கும், பழக்கின குரல்ல 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மணியோசை இருக்கும், மைக் இல்லாமலே அது துளைச்சுக்கிட்டு கடைசி வரிசைக்குப் போயிடும்னு படிச்சுப் பரீட்சை எழுதினவ நான். அங்க நின்னதும் எல்லாம் பறந்துடுச்சு. குரலைப் பலவந்தமா தள்ளினேன். மறுநாள் மார்க்கிங் பண்ணி, அதாவது முழுக்குரல் விடாம மெல்லப் பாடி, குரலை மிச்சம் பிடிச்சிருக்கணும், அன்னைக்கும் தள்ளினேன்.

நாலாம் நாள் வாயைத் திறந்தா காத்து மட்டும் வந்துச்சு. டாக்டர் நாக்கைத் துணியால பிடிச்சு வெளியே இழுத்துட்டு "ஈ சொல்லுங்க"ன்னார். நாக்கு அடுத்தவர் கையில இருக்கும்போது யாருக்கு ஈ வரும்? திரையில ரெண்டு வெள்ளை நாடா, ஒண்ணோட ஓரத்துல சிவப்பா ஒரு பொட்டு. ஏழு வருஷமா தினமும் வேலை வாங்கியிருக்கேன், முகம் பார்த்தது அன்னைக்குத்தான். 1854லயே ஒரு சின்னக் கண்ணாடியும் வெயிலும் வச்சு தன் குரல்நாணைத் தானே பார்த்தவர் மானுவல் கார்சியா. அவர் டாக்டர் இல்ல, பாட்டு வாத்தியார். எங்க வாத்தியார் "மூச்சு சரியில்ல, இன்னும் தாங்கிப் பாடு"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தார்.

மூணு வாரம் பேச்சே கூடாதுன்னுட்டாங்க. வேஷம் கவருக்குப் போச்சு, மாற்றாள் அக்கா. அவங்க நல்லாப் பாடினாங்க.

மாற்றாள்

அவங்களுக்கு ஊசி எத்தனைன்னு கேட்டீங்களா?

கீழ்-ஏ

பியானோ சார், பளபளக்காத உறை வாங்கிட்டேன். ஆனா அந்த அம்மா தீர்ப்பு எதுவும் சொல்லல, கேள்விதான் கேட்டாங்க. பதில் எனக்குத்தான் தெரியல. இப்பல்லாம் கதவைச் சாத்திட்டு, அதே ஃபிகாரோவுல மெஸ்ஸோக்கள் வழக்கமா பாடுற செருபினோ வேஷத்தைப் பாடிப் பார்க்கிறேன். டீச்சருக்கு இன்னும் தெரியாது. வியாழக்கிழமை கிளாஸ்.