மாமாவிடம் பதினைந்து தோட்டா மேகசின் மூன்று இருக்கிறது, நியூ ஜெர்சிக்குக் குடிபோகிறார். என்ன செய்வது?

சிப்புட் கதிர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் அக்காவும் மாமாவும் பத்து வருஷமாக அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் கிரீன் கார்டு. மாமாவுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து அடுத்த மாதக் கடைசியில் அங்கே குடிபோகிறார்கள்.

நேற்று வீடியோ காலில் அக்கா சாமான் கட்டிக்கொண்டே பேசினாள். மாமா சமையலறை மேசையில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளாக் 19. பக்கத்தில் கறுப்பாக மூன்று மேகசின், அதாவது தோட்டாவை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் பெட்டி, தீப்பெட்டியைவிட இரண்டு மடங்கு நீளமாக, உள்ளே தோட்டா இல்லை. ஒவ்வொன்றும் பதினைந்து தோட்டா பிடிக்கும், துப்பாக்கியோடு பெட்டியிலேயே வந்தவை என்றார். அக்காதான் சொன்னாள், நியூ ஜெர்சியில் இந்த மேகசினுக்குத் தடையாம், ஆபீசில் யாரோ சொன்னார்களாம் என்று. மாமா சிரித்துவிட்டு, "காலி டப்பாவுக்கு யாராவது ஜெயிலில் போடுவானா, பத்து தோட்டா மட்டும் போட்டுக்கொண்டால் போச்சு" என்கிறார்.

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பாவிடம் பன்றி சுட லைசென்ஸ் செனாப்பாங் (வேட்டைத் துப்பாக்கி) இருந்தது, அவர் தோட்டாவை எண்ணுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சுட்ட காலித் தோட்டாவைக்கூட மைலோ டின்னில் போட்டு மூடி வைப்பார், சின்ன வயதில் அதில் ஒன்றை எடுத்து விசில் ஊதியதற்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். காலி மேகசினே குற்றமாகுமா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஈப்போ மணி எழுதியது:

தம்பி, நான் நியூ ஜெர்சியில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவன். என்னிடம் துப்பாக்கி இருந்ததில்லை, ஆனால் கூட வேலை செய்தவர்கள் பலரிடம் இருந்தது. மதிய சாப்பாட்டு நேரத்தில் பாதி நாள் இதே பேச்சுதான்.

உங்கள் அக்கா சொல்வது சரி. நியூ ஜெர்சியில் 1990-லிருந்தே 15 தோட்டாதான் வரம்பு, 2018-இல் அதை 10 ஆகக் குறைத்தார்கள். கையில் வைத்திருந்தவர்களுக்கு 180 நாள் அவகாசம் கொடுத்து, அந்த டிசம்பரோடு அது முடிந்துவிட்டது. முன்பே வாங்கினேன், வாங்கும்போது சட்டம் அனுமதித்தது என்று சொன்னால் எடுபடாது. சட்டம் பார்ப்பது எத்தனை தோட்டா போட்டிருக்கிறீர்கள் என்பதை அல்ல, எத்தனை பிடிக்கும் என்பதை. பதினைந்து பிடிக்கும் மேகசினில் பத்து போட்டாலும் சரி, ஒன்றும் போடாமல் இழுப்பறையில் கிடந்தாலும் சரி, அது பதினைந்து மேகசின்தான். மாட்டினால் நாலாம் நிலைக் குற்றம், 18 மாதம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். ஒன்றுக்கே இவ்வளவு, அவரிடம் மூன்று.

யார் வந்து தேடப்போகிறார்கள் என்று மாமா நினைக்கலாம். 2009-இல் கொலராடோவிலிருந்து நியூ ஜெர்சிக்கு மாறிய ஒரு இளைஞருக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர் கொலராடோவில் முறையாக வாங்கிய கைத்துப்பாக்கிகள், பூட்டிய டிக்கியில் சாமானோடு சாமானாக இருந்தன. அம்மாவுக்கு மகன் மனநிலையைப் பற்றிக் கவலை, போலீசை அழைக்க எண்ணை அழுத்திவிட்டு உடனே வைத்துவிட்டார். அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டு போலீஸ் வீட்டுக்கே வந்து காரைச் சோதித்தது. துப்பாக்கி, பெரிய மேகசின், குழிமுனைத் தோட்டா (முனையில் குழி இருக்கும், பட்டதும் விரியும் வகை) எல்லாவற்றுக்கும் தனித்தனி வழக்கு. 2010-இல் ஏழு வருஷத் தண்டனை. அந்த டிசம்பரில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார், பிறகு மேல்முறையீட்டில் துப்பாக்கிக் குற்றம் தள்ளுபடியானது, ஆனாலும் குழிமுனைத் தோட்டா வழக்கு ஒட்டிக்கொண்டே இருந்தது. பெற்ற தாய் கவலையில் எடுத்த போன், தம்பி. எதிரி யாரும் மாட்டிவிடவில்லை.

பூட்டி வைத்துக் காரில் கொண்டுபோனால் மத்தியச் சட்டம் காப்பாற்றும் என்றும் சிலர் சொல்வார்கள். 1986-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, உண்மைதான். துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாமல் பூட்டியிருக்க வேண்டும், புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அதை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் மேகசின் என்ற வார்த்தையே கிடையாது. அப்புறம், மாமா நியூ ஜெர்சியைக் கடந்து போகவில்லை, அங்கேயேதான் இறங்குகிறார். 2005-இல் யூட்டாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர், அடுத்த விமானம் தவறிப்போய், பெட்டியோடு நியூவர்க்கில் ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருக்கிறது என்று தானே சொல்லிக் கைதானார். வழக்கைக் கைவிட்டார்கள், ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போன வழக்கு 2010-இல் தோற்றது. ராத்திரி பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அதனால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் இருக்கும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மேகசின் காரில் இருக்கக் கூடாது. பென்சில்வேனியாவில் இந்த வரம்பே இல்லை, அங்கே இருக்கும்போதே கடையில் விற்றுவிடலாம். கிளாக் 19-க்கு அந்தக் கம்பெனியே பத்து தோட்டா மேகசினும் செய்கிறது. துப்பாக்கியைக் கொண்டுபோவதென்றால் அங்கே குடிவந்த 60 நாளுக்குள் அடையாள அட்டை எடுத்துப் பதிவு செய்ய வேண்டும், 2022-இல் வந்த விதி. குழிமுனைத் தோட்டா இருந்தால் அதையும் பென்சில்வேனியாவிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள், அந்தத் தலைவலி வேண்டாம்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

கதிர் தம்பி, உங்கள் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், நம் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். செம்பனைக் கன்று நட்டால் ஒரே ராத்திரியில் பன்றி வரிசையாகப் பிடுங்கிப் போட்டுவிடும், அதற்காகக் கொடுத்த லைசென்ஸ். வருஷா வருஷம் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) போய்ப் புதுப்பிக்க வேண்டும், ஒரு தோட்டா கணக்கில் இடித்தாலும் உட்கார வைத்து விசாரிப்பார்கள்.

நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், தெரிந்திருக்க வேண்டும். 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே சிப்புட் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று சட்டம் போட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மார்ச்சில் ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார், மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் அவர் மேல் வைத்த குற்றச்சாட்டு. யாரையும் சுட்டார் என்பதற்காக அல்ல. என் தகப்பனார் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவார், நாடு சுதந்திரம் அடைந்து இருபது வருஷம் கழித்தும்.

வைத்திருப்பதே குற்றம் என்று ஒரு சட்டம் சொல்லிவிட்டால், நான் நல்லவன், யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. உங்கள் மாமா பத்து வருஷம் அந்த நாட்டில் இருந்தும் இதை லேசாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வருத்தம். நமக்கு பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை ஒரே ஆயுதச் சட்டம். அங்கே அப்படி இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாதாரணப் பொருள், அந்தப் பக்கம் ஜெயில்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்லுங்கள். விற்க மனமில்லாமல் ஊருக்கு வரும்போது ஞாபகார்த்தமாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடப் போகிறார். நம் 1960-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு வருஷம் வரை. 1971 சட்டத்தின் கீழ் துப்பாக்கி வழக்கு போட்டால் 14 வருஷம் வரை, ஆறு பிரம்படிக்குக் குறையாமல். தீபாவளிக்கு வந்த இடத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டாம்.

டீச்சர் கலா எழுதியது:

எல்லாரும் சட்டத்தை ஏதோ கண்ணிவெடி மாதிரி பேசுகிறீர்கள். நான் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன், என் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். 2012 டிசம்பரில் கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் பள்ளியில் இறந்தவர்கள் இருபது பிள்ளைகள், எல்லாரும் ஆறு ஏழு வயது, பெரியவர்கள் ஆறு பேர். சுட்டவன் கையில் முப்பது தோட்டா மேகசின்கள் இருந்தன. அடுத்த வருஷமே நியூ யார்க் தன் சட்டத்தை இறுக்கியதும், கனெக்டிகட் பத்து தோட்டா என்று வரம்பு கொண்டுவந்ததும் சும்மா இல்லை. அதற்கு முன்னால் 2011-இல் அரிசோனாவில் ஒருவன் முப்பத்துமூன்று தோட்டா மேகசினைக் காலி செய்து ஆறு பேரைக் கொன்றான். அவனை மடக்க முடிந்தது எப்போது என்றால் மேகசின் மாற்றப் பார்த்த அந்தச் சில விநாடியில்தான், ஒரு பெண்மணி அடுத்த மேகசினை அவன் கைக்கு எட்டாமல் பறித்துக்கொண்டார். அந்தச் சில விநாடிக்காகத்தான் இந்தச் சட்டம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் கதிர், நியாயமான சட்டத்திலும் அப்பாவி மாட்டுவான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். 2013-இல் ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு அம்மா, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவர், நியூ ஜெர்சிக்குக் காரில் வந்தபோது போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ பென்சில்வேனியா பெர்மிட் என்று அவரே எடுத்துக் காட்டினார். அந்தப் பெர்மிட் அங்கே செல்லாது என்று அவருக்குத் தெரியவில்லை. குறைந்தது மூன்றரை வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்ற நிலை, கடைசியில் 2015-இல் ஆளுநர் மன்னிப்புக் கொடுத்தார். ஆளுநர் வரைக்கும் போவதற்கு எத்தனை பேரால் முடியும்?

உங்கள் மாமாவுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கிரீன் கார்டு. அமெரிக்கக் குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற ஆயுத வழக்கு, கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தும் வரை கொண்டுபோகலாம். மேகசின் வழக்கு அந்தப் பிரிவில் விழுமா விழாதா என்று வக்கீல் வாதாடட்டும், அந்த வாதத்துக்குள் உங்கள் அக்கா ஏன் போக வேண்டும்?

சிப்புட் கதிர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் கிரீன் கார்டைப் பற்றி எழுதியதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். அதைப் படித்த பிறகுதான் மாமா அசைந்தார். ஆனாலும் ஒரு கேள்வி வைத்தார். கோர்ட்டில் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கு நடக்கிறதாம், எப்படியும் விழுந்துவிடும், அதுவரை மாமியார் வீட்டுப் பரணில் கிடக்கிற மாதிரி எங்காவது ஓரமாகக் கிடக்கட்டும் என்கிறார்.

ஈப்போ மணி எழுதியது:

வழக்கை நம்பி வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கலிபோர்னியாவைப் பாருங்கள். 2019 மார்ச் கடைசியில் ஒரு நீதிபதி பத்து தோட்டா வரம்பு செல்லாது என்றார், ஜனங்கள் கடைக்கு ஓடி வாங்கிக் குவித்தார்கள், ஒரே வாரத்தில் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் மேலே போய், கீழே வந்து, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழுக்கு நாலு என்று சட்டம் செல்லும் என்றது. ஆறு வருஷம். வக்கீலுக்கு அது வழக்கு எண், நடுவில் ரோட்டில் பிடிபடுகிறவனுக்கு அது வாழ்க்கை. வைத்திருக்க அவ்வளவு ஆசை என்றால் பென்சில்வேனியாவில் நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்துவிடட்டும், நியூ ஜெர்சியில் பரண் என்றாலும் அது அவர் வீட்டுப் பரண்தான்.

சிப்புட் கதிர் எழுதியது:

முடிந்தது. இன்று காலை அக்கா போன் செய்தாள். நேற்று கடைக்குப் போய் விற்றுவிட்டு, பத்து தோட்டா மேகசின் இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம், ரசீதை எனக்கும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

ரசீதைப் பார்த்தேன், விற்றது நாலு என்று இருந்தது. மூன்றுதானே என்று கேட்டேன். காரை ஒழித்தபோது டிக்கியில் மாற்று டயருக்குப் பக்கத்தில் சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோகும் பழைய பை ஒன்று கிடந்ததாம், அதன் பக்கவாட்டு ஜிப்பில் ஒன்று. உள்ளே நாலு தோட்டாவும் இருந்திருக்கிறது. போன வருஷமோ அதற்கு முந்தைய வருஷமோ போட்டது, மாமாவுக்கு ஞாபகமே இல்லை. அந்தக் காரில்தான் வேலை நேர்காணலுக்கு நியூ ஜெர்சிக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்திருக்கிறார். அக்கா அதைச் சொல்லும்போது மாமா பக்கத்தில்தான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

நல்ல காலம். குளிர்கால ஜாக்கெட் பைகளையும் ஒரு தடவை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. உங்கள் அப்பா போன பிறகு செனாப்பாங்கை பாலாயில் ஒப்படைத்திருப்பீர்கள், அந்த மைலோ டின்னையும் பரணில் தேடிப் பாருங்கள்.