பிரமிட்டைக் கட்டியது அடிமைகளா?

ஹட்டன்காரன்: தரம் 6 படிக்கிற மகள் கேட்கிறாள், கீசா பிரமிட்டுக்கு அடிமைகளை அடித்துத்தான் கல் இழுக்க வைத்தார்களா என்று. நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்.

பண்டாரவளை: இல்லை அண்ணே. 1990இல் பிரமிட்டுக்குப் பக்கத்திலேயே வேலையாட்களின் கல்லறைகள் கிடைத்தன, ரொட்டி, பியர் வைத்த சாடிகளோடு. அடிமையை மன்னனுக்குப் பக்கத்தில் யார் புதைப்பார்கள்?

நோர்வூட்: 2013இல் செங்கடல் கரையில் கிடைத்த, பிரமிட்டு கட்டிய காலத்துப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளையும் மகளுக்குக் காட்டுங்கள். மெரர் என்பவர், நம்ம கங்காணி மாதிரி ஆள்களை வைத்து வேலை வாங்கியவர், துரா என்ற கற்குவாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றி நைல் வழியாகப் படகில் கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்தோறும் எழுதியிருக்கிறார். தாத்தாவின் பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைநாள் பதிவு) தாளைத் தொட்டபோது வந்த நடுக்கம் அந்த ஏடுகளின் படத்தைப் பார்த்தபோதும் வந்தது.

ஹட்டன்காரன்: அப்போ மேலே எப்படி ஏற்றினார்கள்?

பண்டாரவளை: சாய்தளம் போட்டு, மரச் சறுக்கில் வைத்து இழுத்துத்தான். அந்தச் சாய்தளத்தின் வடிவத்தில்தான் இன்னும் சண்டை.