லிஸ்பனில் படிக்கச் செல்பவர் எந்தக் கரையில் தங்குவது நல்லது?

உப்புவெளி வாசகி:
கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் தலைநகர் என்பதற்கு மேல் லிஸ்பனைப் பற்றி நான் அதிகம் அறியேன். என் தம்பிக்கு அங்கே பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. நகருக்குள் அறை வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாததால், டேகஸ் ஆற்றின் தென்கரையில் தேடும்படி சிலர் சொல்கிறார்கள். அவ்வூர்கள் நகரோடு சேர்ந்தவையா, தொலைவானவையா?

திருக்கடலூரான்:
தங்கச்சி, லிஸ்பன் நகர எல்லை சிறியது; அதற்குள் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் பேரே வாழ்கிறார்கள். இரு கரைகளிலும் பரந்து, 18 நகரசபைப் பிரிவுகளைக் கொண்ட பெருநகர்ப் பகுதியிலோ 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். எனவே தென்கரையிலுள்ள அல்மாடா, செய்ஷால், பாரெய்ரோ ஆகியவற்றைத் தொலைவிடங்கள் என்று எண்ண வேண்டியதில்லை. அல்மாடாவின் கசில்யாஸ் துறையிலிருந்து பயணிகள் படகு பத்து நிமிடமளவில் நகர மையத்தை அடைந்துவிடும். நம் திருகோணமலையில் கிண்ணியாப் பாலம் வருமுன் பாதை எனப்படும் மிதவைப் படகில் கடந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே 1966இல் ஒரு பாலமும், 1998இல் அணுகுவீதிகளோடு சேர்த்து ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நீளமான வாஸ்கோ ட காமா பாலமும் வந்த பின்னரும் படகுகள் நின்றுவிடவில்லை. முதற் பாலத்தின் கீழ்த்தளத்தில் 1999 முதல் புகையிரதமும் ஓடுகிறது. 2019இல் 40 யூரோவுக்கு அறிமுகமான மாதாந்தச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டே படகு, பஸ், மெட்ரோ, புறநகர்ப் புகையிரதம் அனைத்திலும் பெருநகர்ப் பகுதி முழுவதும் செல்லலாம்.

நிலாவெளிப் பயணி:
நகர் அமைந்துள்ள வடகரையையும் ஒதுக்கிவிட வேண்டாம். நகர மையத்திலுள்ள ரொசியோ புகையிரத நிலையத்திலிருந்து சிந்த்ரா செல்லும் பாதையிலுள்ள அமதோரா, கெலூஸ் போன்றவை உழைக்கும் மக்களின் அடுக்குமாடி ஊர்கள். அழகு குறைவு, வசதி உண்டு. கடலோரக் காஸ்காய்ஸ் பக்கம் செல்வந்தர்களுக்குரியது. 1755 நவம்பர் 1ஆம் திகதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீயும் அழித்த பின்னர், பொம்பால் பிரபுவின் மேற்பார்வையில் நேர்வீதிகளாகக் கட்டப்பட்ட நகர மையப் பகுதியான பைஷாவும், அந்த அழிவில் பெருமளவு தப்பிய பழைய குடியிருப்புப் பகுதியான அல்பாமாவின் ஒடுங்கிய படிக்கட்டுச் சந்துகளும் பார்ப்பதற்கு உரியவை. சுற்றுலா விடுதிகள் நிறைந்துவிட்ட அங்கே மாணவர் அறை தேடுவது வீண் அலைச்சல் என்றே நான் சொல்வேன்.

உப்புவெளி வாசகி:
இருவருக்கும் நன்றி. தம்பி படிக்கப்போவது நோவா பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான தொழில்நுட்பப் பிரிவில்.

திருக்கடலூரான்:
அப்படியானால் நகருக்குள் தேடவே வேண்டாம். அந்தப் பிரிவு தென்கரையில், அல்மாடாவைச் சேர்ந்த கப்பாரிக்காவில்தான் இருக்கிறது; கசில்யாஸிலிருந்து வளாகம் வரை இலகு புகையிரதம் செல்கிறது. அந்தப் பாதையை ஒட்டியே அறை பார்க்கச் சொல்லுங்கள்.