வெயில் டிராஃபிக்கில் நின்றுவிடும் பத்மினி: பெட்ரோலா, காயிலா?

கேள்வி (மதுரை):
அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினி கார், 1986 மாடல். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். பைபாஸில் அருமையாக ஓடும். மத்தியான வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டினால் முக்கி முக்கி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. இக்னிஷன் பக்கம் பாயிண்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் புதுசு. ரேடியேட்டர் கொதிக்கவில்லை. எலக்ட்ரிக் ஃபேன் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில் (கோவை):
ஃபேன் அப்புறம். அடுத்த முறை நின்றவுடனே ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லிவரை இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சி அடித்தால், பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுக்கும் காயிலைச் சந்தேகப்படலாம். சூட்டில் படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் ஜாதி அது. சொட்டுகூட வராவிட்டால் வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி வழியை அடைப்பது. ஏசி பம்பால் (இஞ்சினே ஓட்டும் பெட்ரோல் பம்ப்) திரவத்தைத்தான் தள்ள முடியும், லைனில் ஆவி நிறைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு சும்மா ஆடிக்கொண்டிருக்கும். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பாருங்கள், ஆறியதும் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம்.

பதில் (சேலம்):
டேங்க் மூடியையும் பாருங்கள் தம்பி. நின்றதும் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கேட்டவர்:
மூடி நன்றாக இருக்கிறது. பெட்ரோல் பீய்ச்சவில்லை, ஈரத்துணி போட்டதும் கிளம்பிவிட்டது! பம்பிலிருந்து போகும் ஹோஸ், இஞ்சினில் சூடாகும் மேனிஃபோல்டு குழாயை ஒட்டியே போவதையும் இப்போதுதான் கவனித்தேன்.

பதில் (கோவை):
அப்படியானால் முதல் வேலை அதுதான். ஹோஸை மேனிஃபோல்டிலிருந்து விலக்கி, சுற்றுவழியில் கொண்டுபோய் கிளிப் போடுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸாக வாங்குங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால்; சூட்டில் சீக்கிரம் ஆவியாகும், பழைய ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். பம்ப் டயாஃப்ரத்தையும் அதோடு மாற்றிவிடலாம். பம்புக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே பேக்கலைட் பேக்கிங் இருக்கிறதா பாருங்கள், சூடு ஏறாமல் தடுப்பது அதுதான். சிலர் கேஸ்கெட் மட்டும் வைத்து முடுக்கிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப். அதன் அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம், கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் தாங்காமல் பெட்ரோல் வழியும். இஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

கேட்டவர்:
டைனமோதான் அண்ணே.

பதில் (கோவை):
அப்படியென்றால் ஃபேனை மறந்துவிடுங்கள். ஐடிலிங்கில் டைனமோ சார்ஜே சரியாகக் கொடுக்காது. சிக்னலில் ஃபேன், ஹெட்லைட், வைப்பர் மூன்றும் ஓடினால் பேட்டரிதான் காலியாகும். ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு பார்க்கலாம்.