இலங்கை கிரிக்கெட் டீம்ல 96 உலகக் கிண்ணம் வென்ற செட் உண்மையாவே அவ்வளவு திறமா?

வெள்ளவத்தை பொடியன்:
நான் ஒழுங்கா பார்க்கத் தொடங்கினதே 2014 மிர்பூர் டி20 உலகக் கிண்ண ஃபைனல்ல இருந்துதான், சங்கா (சங்கக்கார) 52 நாட் அவுட், கப்போட டி20க்கு பாய் சொன்னார். ஆனா வீட்டில அப்பா ஒவ்வொரு தோல்விக்கும் 96 டீமைத்தான் இழுக்கிறார். கொஞ்சம் ஓவரா இல்லையா?

கொட்டாஞ்சேனை மாமா:
தம்பி அப்பா சொல்றது சரிதான். 96 ஜனவரி 31 சென்ட்ரல் பேங்க்ல குண்டு வெடிச்ச பிறகு ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் உலகக் கிண்ண மெட்ச்சுக்கு கொழும்புக்கு வர மாட்டம் எண்டிட்டாங்கள், அப்ப இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே டீமா வந்து கொழும்பு கெத்தாராம கிரவுண்டில எங்களோட விளையாடினவை, சச்சினும் வசீம் அக்ரமும் ஒரே பக்கம், இப்ப நினைச்சுப் பார்க்க ஏலுமா? பிறகு லாகூர் ஃபைனல்ல அதே ஆஸ்திரேலியாவுக்கு 7 விக்கெட்டால குடுத்தம். அரவிந்த டி சில்வா 3 விக்கெட், 2 கேட்ச், 107 நாட் அவுட். அர்ஜுன மாதிரி முறைக்கிற கேப்டன் இனி வரப்போறதில்ல, இப்ப உள்ளவங்கள் எல்லாம் தோத்தாலும் சிரிக்கிறாங்கள்.

ஸ்பின் பைத்தியம்:
மாமா எப்ப பார்த்தாலும் பேட்டிங் கதைதான். எனக்கு 2010ல இந்தியாவோட காலி டெஸ்ட். முரளி 792 டெஸ்ட் விக்கெட்டோட வந்து, கடைசி மெட்ச் எண்டு முதலே சொல்லிட்டு, சரியா 8 எடுத்து ஓஜாவின்ட விக்கெட்டோட 800. மஹேல கேட்ச். இதுக்கு மேல என்ன வேணும்?

வெள்ளவத்தை பொடியன்:
அப்ப இந்தியாவிட்ட தோத்த 2011 மும்பை உலகக் கிண்ண ஃபைனல்? மஹேல 103 நாட் அவுட்…

கொட்டாஞ்சேனை மாமா:
அந்தக் கதையை இங்க எடுக்காத.