ஹெட்ஸ்பேஸ்: 'தலையிடைவெளி'யா, 'தாங்குநீளம்' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் அகராதிக்காக, துப்பாக்கியில் தோட்டா நிற்கும் அளவைக் குறிக்கும் 'ஹெட்ஸ்பேஸ்' (headspace) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் 'தலையிடைவெளி' போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் குண்டு இருக்கும் முனையைத்தான் தலை என்று நினைப்பார். இங்கே சொல்ல வருவதோ பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் அடிப்பகுதியை. சொல்லே வாசகரை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. 'இடைவெளி' அதைவிடப் பெரிய சிக்கல். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்திலிருந்து, தோட்டா மேற்கொண்டு போக முடியாமல் தடுபட்டு நிற்கும் இடம் வரையுள்ள நீளம்தான் ஹெட்ஸ்பேஸ். .308 வின்செஸ்டர் என்னும் ரைபிள் தோட்டாவில், தோள் சரிவின் (கூட்டின் உடல் கழுத்தாக ஒடுங்கும் பகுதி) விட்டம் 0.400 அங்குலமாக இருக்கும் இடம் வரை அளப்பார்கள். தோட்டா அறைக்குக் குறைந்தபட்சம் 1.630 அங்குலம். இத்தனை நீளத்தை இடைவெளி என்று எப்படிச் சொல்வது?

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, அதை வைத்து வேலை செய்து பார்க்க வேண்டும். மறுநிரப்பு (சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புவது) செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை ஒன்று: தோட்டா அறைக்குள் போய்விடும், போல்ட் கைப்பிடி மட்டும் இறங்காது. சுட்ட பித்தளைக் கூடு அறையளவுக்கு விரிந்து, கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. அதை அளவு டைக்குள் (கூட்டை உரிய அளவுக்கு ஒடுக்கும் அச்சு) ஏற்றும்போது முதலில் உடல் ஒடுங்கும். ஒடுங்கும் பித்தளை மேல்நோக்கி நகர்ந்து தோளை முன்னே தள்ளும். டையைப் போதிய அளவு இறக்கி வைத்திருந்தால்தான் தோள் திரும்பக் கீழே அழுந்தும். இல்லாவிட்டால் கூடு முன்பிருந்ததைவிட நீண்டே வெளிவரும். டையில் போட்ட கூடு எப்படி நீளும் என்று புதிதாகக் கற்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

இப்போது 'தாங்குநீளம்' என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள். அறையின் தாங்குநீளத்தைவிடக் கூட்டின் தாங்குநீளம் அதிகம், அதனால் இறுக்கம். டையைச் சிறிது சிறிதாக இறக்கி, சுட்ட கூட்டின் அளவைவிட ஏறக்குறைய 0.002 அங்குலம், அதாவது 0.05 மி.மீ., குறைத்தால் போல்ட் ரைபிளில் சரியாகிவிடும். அந்தச் சிறு வித்தியாசத்துக்குத்தான் 'இடைவெளி' என்ற சொல் தேவை. அதை முழு நீளத்துக்கும் கொடுத்துவிட்டால் இதற்கு எதை வைப்பது?

'தோள்நீளம்' .308க்குப் பொருந்தும். ஆனால் .303 பிரிட்டிஷ் தோட்டா அடிப்பகுதியின் விளிம்பில் தடுபட்டு நிற்கிறது, அடிப்பகுதியைச் சுற்றிப் பட்டி உள்ள மேக்னம் தோட்டாக்கள் பட்டியில், .45 ஏசிபி கூட்டின் வாயில். 'தாங்கு' இந்த நான்குக்கும் பொதுவாக இருக்கும். 'அமர்நீளம்' காதுக்கு இனிமைதான். ஆனால் குண்டைக் கூட்டில் அமர்த்தும் ஆழத்தோடு அது குழம்பும்.

அகராதிப் பதிவில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: எல்லா இறுக்கமும் தாங்குநீளத்தால் வருவதில்லை. வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றில் மார்க்கர் மை பூசி, மெதுவாக ஏற்றி எடுத்தால் காரணம் தெரிந்துவிடும். தோளைச் சுற்றி மை தேய்ந்து பித்தளை மின்னினால் தாங்குநீளம், அல்லது குண்டின் மேல் கூட்டை அழுத்தி இறுக்கும்போது தோள் பிதுங்கியிருக்கலாம். குண்டின் மேல் சம தூரத்தில் சிறு கீறல்கள் விழுந்தால் அது குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் வரிகளைத் தொடுகிறது, இன்னும் உள்ளே அமர்த்த வேண்டும். மிக ஆபத்தானது கூட்டின் மொத்த நீளம் கூடிப்போவது. .308இல் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் கூட்டின் வாய் அறையின் முனையில் இடித்து, குண்டை விட முடியாதபடி பிடித்துக்கொள்ளலாம். அப்போது அழுத்தம் எகிறும். கைப்பிடியை பலமாக அடித்து மூடவே கூடாது.

டையில் தோளை அழுத்திப் பின்னுக்குத் தள்ளும் ஷோல்டர் பம்ப்புக்கு 'தோளிறக்கம்' என்று யோசித்தேன். டையில் கூடு நிமிர்ந்து நிற்பதால் 'இறக்கம்' பொருந்துகிறது, ஆனால் ரைபிளுக்குள் கூடு படுத்திருக்கும்போது அது பின்னோக்கிய நகர்வு. 'பின்னடைவு' தோல்வியைச் சொல்வதால் அதை நான் ஏற்கவில்லை. இரண்டு நிலைக்கும் பொருந்தும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.