லிஃப்ட் நின்றுபோச்சு, ஜேஎம்பியும் படுத்துவிட்டது: நேரே ஒய்பியிடம் போவதா?

ரெலாவ்_மாடிவீடு:
வணக்கம். மலேசியாவில் பினாங்கு ரெலாவில் ஒரு மலிவு விலை ஃபிளாட்டில் பதினோராம் மாடியில் இருக்கிறோம். இரண்டு லிஃப்டில் ஒன்று போன வருஷமே செத்து, கதவுக்குக் குறுக்கே பலகை அடித்தாகிவிட்டது. மற்றதும் போன செவ்வாய்க்கிழமை நின்றுவிட, அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் கீழ்வீட்டு மலாய்த் தம்பியும் படியில் தூக்கி இறக்கினோம். மாடிக்கு மாடி இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். ஆறாம் மாடி வந்ததும் அம்மா, "விட்டுடுங்கப்பா, நாளைக்குப் போய்க்கலாம்" என்றார்.

ஜேஎம்பி (வீட்டு உரிமையாளர்களின் கூட்டு நிர்வாக அமைப்பு) தலைவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார், இரண்டு வருஷமாக ஆண்டுப் பொதுக்கூட்டம் இல்லை. பாதிப் பேர் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை, கேட்டால் ஓடாத லிஃப்டுக்கு என்ன காசு என்கிறார்கள். நேராக ஒய்பியிடம், அதாவது சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். சரியா?

ஜெலுத்தோங்_அக்கா:
தம்பி, அம்மாவை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. நான் எங்கள் ப்ளாக்கில் நான்கு வருஷம் பொருளாளராக இருந்தேன். ஒய்பியைப் பார்க்கலாம், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நாங்கள் முதல்முறை போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கணக்கு எங்கே? எங்களிடம் இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தோம், அவ்வளவுதான்.

பினாங்கில் மாநில அரசின் 80 விழுக்காடு பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி, பெயிண்ட் மாதிரி பெரிய வேலைகளுக்கு அரசு 80 போட்டால் மீதி 20 நாம். எங்கள் விண்ணப்பம் ஜேஎம்பி வழியாகத்தான் போனது. அந்த இருபதைக் காட்ட முடியாததால் எங்கள் தொட்டி வேலையே ஒரு வருஷம் தள்ளிப்போனது.

அதனால் முதல் வேலை, செத்த ஜேஎம்பியை எழுப்புவது. அடுக்குமாடிகளுக்கான 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி பங்கு அலகில் (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு) கால் பங்கு உள்ள உரிமையாளர்கள் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டம் போட்டாக வேண்டும். யாரும் அசையவில்லை என்றால் மாநகர் மன்றத்தில் கட்டட ஆணையருக்குக் கடிதம் கொடுங்கள், சிஓபி என்பார்களே, அவருக்கு. கூட்டம் போடச் சொல்லவும், ஆளே இல்லாவிட்டால் நிர்வாக முகவரை நியமிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அப்புறம் ஒன்று, பாக்கி வைத்திருப்பவர் கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாது. இதைச் சொன்ன வாரமே எங்கள் ப்ளாக்கில் பலர் வந்து கட்டினார்கள்.

செந்தூல்காரன்:
அக்கா சொல்வது கோலாலம்பூருக்கும் பொருந்தும், ஆனால் எங்களுக்குச் சட்டமன்றமே கிடையாது. கூட்டரசுப் பிரதேசத் தலைநகரம், 11 எம்பிகள், மேயர் நியமனம். நீங்கள் ஒய்பியிடம் சொன்னால் அவர் ஆட்சிக்குழு (மாநில அமைச்சரவை மாதிரி) உறுப்பினரிடம் போகலாம். இங்கே எம்பி, டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி), அமைச்சு என்று அலைய வேண்டும். பினாங்கில் 2023ல் வீடமைப்பு ஆட்சிக்குழுப் பொறுப்பே இந்தியரான சுந்தரராஜூவிடம் வந்தது, கேட்பதற்கு வாசல் இருக்கிறது. எங்கள் எம்பி எங்களுக்கு உதவினார் என்றால், ப்ளாக்கில் மூன்று இனத்து ஆட்களும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டதால்தான். தமிழ்க்காரர்கள் மட்டும் போயிருந்தால் இரண்டாவது தடவை உட்கார வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பாக்கிக்காரர்களுக்குப் படிவம் 11 (பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ்) அனுப்புங்கள், குறைந்தது 14 நாள் அவகாசம். அப்புறமும் கட்டாவிட்டால் ஸ்ட்ராட்டா நடுவர் மன்றம், 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கேட்கலாம்.

ஆயர்_ஈத்தாம்_பேரன்:
படிவம் 11ஐ எல்லார் மேலும் வீசுவதை நான் ஏற்கவில்லை. எங்கள் மாடியில் பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, தனியாக இருக்கும் பாட்டிகள், வேலை போனவர்கள். கதவைத் தட்டி, மாதம் இருபது வெள்ளியாவது கொடுங்கள் என்று தவணை பேசினால் கொடுப்பார்கள். வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குத்தான் நோட்டீஸ். சேமநிதிக்கு (பெரிய பழுதுக்கான சேமிப்பு) கட்டணத்தில் பத்து விழுக்காடு தனியாகப் போக வேண்டும், உங்கள் கணக்கில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 1957ல் ஜார்ஜ்டவுன் மக்கள் ஓட்டுப் போட்ட மன்றத்தின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், ஒரு தமிழர். அவர் பேரில் சாலையே இருக்கிறது. 1965ல் நகராட்சித் தேர்தலை நிறுத்தியதோடு சரி, இன்றுவரை திரும்பவில்லை. நம் லிஃப்டைப் பற்றி முடிவெடுக்கும் மன்றத்தில் நாம் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரும் இல்லை. ஒய்பியைப் பார்க்கும்போது இதையும் கேளுங்கள் தம்பி.

ரெலாவ்_மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கீழ்வீட்டுத் தம்பியோடு பதினோராம் மாடியும் பத்தாம் மாடியும் முடித்தேன், 16 வீட்டில் 13 கையெழுத்து. ஒரு சீனப் பாட்டி கையெழுத்துப் போட்டு, அலமாரியைத் திறந்து மூன்று மாதக் கட்டணத்தையும் கையில் கொடுத்தார். ரசீது போட ஆள் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா, சிஓபிக்குப் போகும் கடிதம் மலாயில் இருக்க வேண்டும், உங்களிடம் பழையது இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.